இன்னும் கொஞ்சம் குறைவாக

"இன்னும் கொஞ்சம் கொறைங்கப்பா."

ஒலிப்பதிவாளர் சமையலறையில் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு வந்தார். கூடத்தில் மகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடாவின் ஒலியைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் போய், நின்றபடியே தின்றார்.

சொந்த வீட்டில் அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வருடக்கணக்காகிறது.

அவர் மெல்லும் சத்தம் மகளுக்கு ஆகாது. முதலில் முறைத்தாள். பிறகு அழுதாள். பிறகு தட்டோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற அப்பன் சாப்பிடுவது கூடவா பிடிக்காது என்று அவரும் குதித்துப் பார்த்தார். அது திமிர் இல்லை, கோளாறு என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

தினமும் ஏதாவது ஒரு சத்தத்தை, நல்லது கெட்டது பார்க்காமல், கவனித்துக் கேட்கட்டும் என்றார் மருத்துவர். எந்தச் சத்தம் என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார்.

அப்பா முந்திக்கொண்டார். தான் வேலை பார்க்கும் வானொலி நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களைப் பிரதி எடுத்து வந்தார். மின்னணு இசை பிறந்த புதிதில், கருவிகளின் ரீங்காரத்தைப் பதிவு செய்து, நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்தவை. பாட்டு இல்லை, மூச்சு இல்லை. வாயே இல்லாத இசை. இது யாரை என்ன செய்யும்?

அது ஓடும்போதுதான் அவரும் சாப்பிடுவார். அந்த இரைச்சலில் தன் சத்தம் அமுங்கிவிடும் என்று கணக்கு.

அவளோ தினமும் குறைக்கச் சொன்னாள். குறையக் குறைய அவர் திருடித் தின்கிறவர் போல மென்றார்.

மாதக் கடைசியில் அவள் வேலைக்காக வேறு ஊர் போகிறாள். அதற்குள் ஒரே ஒரு வேளை அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது. இதையே தாங்காதவள் என்னையா தாங்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுபடியும் குறைக்கச் சொன்னாள்.

இந்த முறை குமிழைக் கடைசிவரை திருப்பினார். நாடா சும்மா சுற்றியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

சமையலறைக்கு வந்து, பழக்கத்தில் ஒரு வாய் கடித்தார். காய்ந்த ரொட்டி. வீடு முழுக்கக் கேட்டது.

வாயில் வைத்தது வைத்தபடி, கதவு சாத்தப்படும் சத்தத்துக்காகக் காத்து நின்றார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க? மெல்லுங்க, கேட்டுட்டுதானே இருக்கேன்."