மாற்ற மறுத்த பாகம்

பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்த போர்க்கால வயர்லெஸ் பெட்டியை மீட்டு வந்தவள், ரேடியோ ரிப்பேர் செய்வதால் ஊரே 'ரேடியோ அக்கா' என்று அழைக்கும் அக்காதான். துருவைச் சுரண்டி, ஒயர்களை மாற்றி, வால்வுகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தியிருந்தாள். ஆனாலும் பெட்டி 'கர்' என்றுகூடச் சொல்லவில்லை.

"டிரான்ஸ்ஃபார்மர்ல குண்டு பாஞ்ச ஓட்டை அப்படியே இருக்கேம்மா! அதையும் மாத்திட்டா பேசிடுமே?" என்றார் அருங்காட்சியக அதிகாரி.

"பேசிடும். ஆனா மாத்த மாட்டேன் சார்."

"நாளைக்குத் திறப்பு விழா. பட்டாளத்துப் பெரிய தலைங்கல்லாம் வர்றாங்க. ஊமைப் பெட்டியையா காட்டச் சொல்றீங்க?"

"இப்படியே வைங்க. இல்லன்னா வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடறேன்."

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போர்ல இதை வச்சிருந்த சிப்பாய் யாருன்னு தெரியுமா? பயந்து நடுங்கி, உதவி கேட்டு ஒரு வார்த்தை பேசாம, கூட இருந்தவங்க அத்தனை பேரையும் சாகவிட்ட கோழை! அவன் பெட்டிக்கு இவ்வளவு வீம்பா?"

அக்கா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினாள்.

"இதுல குண்டு பாஞ்சப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கு சார் கேட்டிருக்கும்? பெரிய தலைங்க வந்து நல்லாப் பார்க்கட்டும். பக்கத்துலயே நிக்கிறேன். அந்தக் கோழையோட பொண்ணு நான்தான்."