சேராத டிரைவ்

"ஒரு டிஸ்க் டிரைவை மாட்ட மூணு வாரமா? உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் அட்டைப்பெட்டி கம்பெனியே எட்டிப் பார்த்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "ஒரிஜினல் டிரைவ் இப்ப வர்றதே இல்ல சார். இது வேற கம்பெனி. டிசைன் அக்காவோட பழைய கம்ப்யூட்டர் இதைச் சேர்த்துக்க மாட்டேங்குது."

"சேர்த்துக்காம இருக்க அது என்ன, மாமியார் மருமகளா?"

மேனேஜர் கவலை அவருக்கு. மாசக் கடைசிக்குள் புதுக் கம்ப்யூட்டரில் வேலை தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. டிசைன் அக்காவோ பதினெட்டு வருஷமாய் அந்தப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். மேனேஜருக்குக் கூடப் பிறக்காத அக்கா.

"புதுசைக் கத்துக்கோங்கக்கா" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பார்!

"என் கம்ப்யூட்டர் உயிரோட இருக்கும்போது அதை நான் ஏன் தொடணும்?" இதுதான் பதில்.

பழசு ஓடினாலாவது முதலாளியிடம் மல்லுக்கு நிற்கலாம். அதற்கும் வழி விடவில்லை இந்தத் தடிமாடு மெக்கானிக்! மூன்று வாரமாய் வேறு வழியில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே புதுசில்தான் உட்கார்ந்திருக்கிறார் அக்கா.

அன்று மதியமே முதலாளி வந்து நின்றார்.

"ஒரு கேக் பெட்டி வரைங்கம்மா, பார்க்கலாம்."

மேனேஜர் அவசரமாய் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

அக்கா புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மடிப்பு, ஒட்டுற பக்கம், மேலே ஒரு ஜன்னல். பத்தே நிமிஷத்தில் பெட்டியைத் திரையில் சுற்றிக் காட்டினார்.

"இது என்ன பெரிய வித்தையா?" என்றார்.

முதலாளி திருப்தியாய்த் தலையாட்டிவிட்டுப் போனார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே மெக்கானிக்கிடம் போனார்.

"தப்பிச்சோம்டா. அந்தப் பழசைத் தூக்கிப் போடு."

"எதுக்கு சார்?"

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து மிளகு அளவு கறுப்புக் கிளிப் ஒன்றை எடுத்தான். டிரைவின் பின்னால் இருந்த இரண்டு ஊசிகளில் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, அக்காவின் டிஸ்க்கை டிரைவுக்குள் தள்ளினான். டிஸ்க் சுழன்றது. அக்காவின் பழைய டிசைன்கள் எல்லாம் திரையில் வரிசை கட்டி வந்தன.

"அடப்பாவி! இதை எப்பக் கண்டுபிடிச்சே?"

"முதல் நாளே சார்." அக்கா இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கே செருகியிருந்தா, அக்கா புதுசைத் தொட்டிருப்பாங்களா?"