பச்சைச் சட்டை கோல்கீப்பர்

"அத்தையைத் திருடின்னே சொல்லிடுங்களேன்ப்பா!" ஸ்கூட்டரை நிறுத்தியதும் பொருமினாள் தாரணி.

"நான் அப்படிச் சொல்லலை. என் கோல்கீப்பர் அவகிட்டதான் இருக்குன்னு சொல்றேன்." சீனிவாசன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

பழைய மேஜை விளையாட்டுகளைச் சேகரிப்பது சீனிவாசனின் பைத்தியம். மைசூர் விஜயநகர் வீட்டு ஹாலில் பாதி, கண்ணாடி அலமாரிகள்தான். ஸ்பிரிங் மட்டையால் குண்டை அடிக்கும் கிரிக்கெட், கம்பியைத் திருகினால் பொம்மை உதைக்கும் ஃபுட்பால், விதவிதமாக ஹாக்கி. அவரும் அக்கா லீலாவும் சின்ன வயதில் ஆடிய ஃபுட்பால் செட்டில் மட்டும் பச்சைச் சட்டை போட்ட தகர கோல்கீப்பரைக் காணோம்.

எடுத்தது அக்காதான் என்பது அவர் கட்சி. அதைத் தேடத்தான் ஞாயிறு தவறாமல் அக்ரஹாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் படையெடுப்பு.

"லீலக்கா, நிம்ம தம்ம பந்த்ரு! ஜகள ஷுரு!" தம்பி வந்தாச்சு, சண்டை ஆரம்பம் என்று எதிர்வீட்டு கௌரம்மா தெருவுக்கே கேட்கும்படி கன்னடத்தில் அறிவித்துச் சிரித்தாள். சண்டையைப் பார்க்க வசதியாகத் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தும் விட்டாள்.

தாரணிக்குக் கூசியது.

கதவு திறந்தது. "வந்துட்டியாடா சீனு? இன்னிக்கு எதைக் கவிழ்க்கப் போறே?"

"ஒளிச்சு வெச்சதைக் கொடுத்துட்டா நான் ஏன் வரேன்?"

"பென்ஷன் வாங்கற வயசுல பொம்மைக்கு அழற ஆளை இந்த மைசூர்லயே உன்னைத்தான் பார்க்கறேன்."

"தம்பி பொம்மையை அமுக்கின அக்காவை நானும் உன்னைத்தான் பார்க்கறேன்."

"வா, தேடு! கிடைக்கலைன்னா என் கால்ல விழுந்துட்டுதான் போகணும்."

சீனிவாசன் பரணைக் குடைந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து தட்டுத் தட்டாகப் பார்த்தார். அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டார். கடைசியில் மாத்திரை டப்பாவையும் விடவில்லை.

"சர்க்கரை மாத்திரைக்கு நடுவுலயாடா கோல்கீப்பர் நிப்பான்?"

"நீ எங்கே வேணா வைப்பே. இதென்ன, மாத்திரை அப்படியே இருக்கு? ஒழுங்கா முழுங்கினா டப்பா காலியாகும், தேடவாவது சுலபமா இருக்கும்."

"அதிகாரம் வேறயா? இந்தா, பார்த்துக்கோ!" அத்தை ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, தம்ளரை ணங்கென்று வைத்தாள்.

தாரணிக்குக் கண் கலங்கியது. "மன்னிச்சிடுங்க அத்தை."

"நீ ஏன்டி கேக்கறே? இவனைப் பெத்தவங்க கேக்கணும்."

திரும்பும் வழியெல்லாம் தாரணி கொதித்தாள்.

"மாமா இருந்தவரைக்கும் இந்தக் கோல்கீப்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? அவர் போனாரு, கேக்க ஆள் இல்லைன்னதும் பெட்டியைக் குடையறீங்க."

பின்சீட்டில் சீனிவாசன் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டார்.

"பரிதாபப்பட்டு யாரும் வரக் கூடாதுன்னு அத்தை கௌரவமா இருக்காங்க. ஆப்பிள் வாங்கிட்டு வந்த நாராயணஸ்வாமி சித்தப்பாவையே 'நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்'னு வாசலோட திருப்பி அனுப்பினவங்க. அவங்களைப் போய்..."

"சிக்னல். முன்னாடி பார்த்து ஓட்டு," என்றார் அவர்.

தானே ஒரு கோல்கீப்பரைத் தேடித் தந்துவிடுவதென்று அன்றே தாரணி தீர்மானித்தாள். பழைய விளையாட்டுச் சாமான் சேகரிப்பவர்களின் ஆன்லைன் குழுக்களில் ஒன்று விடாமல் செட்டின் படம் போட்டுக் கேட்டாள். கோலாரில் ஒருவரிடம் அகப்பட்டது. அதே கம்பெனி, அதே பச்சைச் சட்டை, அதே தூக்கிய கைகள். உடைந்துபோன செட்டிலிருந்து கழற்றி கூரியரில் அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சீனிவாசன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். தாரணி பொம்மையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க செட்டு முழுசாயிடுச்சு. இனிமே அத்தையைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை மாதிரி குதிப்பார் என்று காத்திருந்தாள். அவர் முகம் விழுந்துபோனது.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"என்னப்பா கேள்வி? இதுக்குத்தானே அலைஞ்சீங்க?"

அவர் பொம்மையை அலமாரியில் வைக்கவில்லை. மேஜை இழுப்பறையில் அடி வரை தள்ளிப் பூட்டினார். ஹெல்மெட்டை எடுத்தார்.

"கிளம்பு. அக்ரஹாரத்துக்கு."

தாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ உங்களுக்குப் பொம்மை வேண்டாம். அத்தையைத் தெருவே பார்க்கக் கேவலப்படுத்தணும், அவ்வளவுதான். தனியா இருக்கற ஒரு பொம்பளை வீட்டு அரிசி டின்னுல கையை விட வெட்கமா இல்லை? நான் வரலை. பொம்மை கிடைச்சாச்சுன்னு இப்பவே அத்தைக்கு போன் பண்றேன். அடுத்த தடவை நீங்க போனா அவங்களே விரட்டட்டும்."

போனை எடுத்தவளின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார் சீனிவாசன். இத்தனை நாள் கேட்டிராத குரலில் கெஞ்சினார்.

"சொல்லிடாதேம்மா. அக்கறையா வரவனுக்கு அவ கதவைத் திறக்க மாட்டா. சண்டைக்கு வரவனுக்குத்தான் திறப்பா."