பூச்சி வலை

"பூச்சி புடிக்கிற மூஞ்சியைப் பாரு. கம்பெனி வளர்த்த நாய்!"

சங்கத் தலைவர் தணிகாசலம் டீக்கடையில் சொன்னார்.

எழுபத்து மூன்றாம் வருடம். கும்மிடிப்பூண்டி ஆசிட் கம்பெனிக்குப் பின்னால் கெங்கம்மாளின் நெல், பால் பிடிக்கும் நேரத்தில் கருகிவிட்டது. புகைதான் என்றாள் அவள். பூச்சி என்றது கம்பெனி. அந்த வாரமே துளசிராமன் என்ற வாலிபன் வலையும் கண்ணாடிக் குப்பியுமாகக் கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினான்.

கொடி பிடித்துக் காய்த்த கைக்கு இந்தக் கள்ளம் புரியாதா?

இன்று தணிகாசலம் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். வரப்புப் பனையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். கெங்கம்மாளும் கூடவே ஓடிவந்தாள்.

"இன்னா தம்பி, பனைமரத்துலயும் பூச்சியா? கம்பெனி சோறு அவ்ளோ ருசியா?"

துளசிராமன் சிரித்தான். "பூச்சி இல்லண்ணே. மரப்பட்டையில கல்பாசி மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்குமே, அதைத் தேடறேன். புகையே இல்லாத மணவாள நகர்ல மரத்துக்கு மரம் இருக்கு. இங்க பொட்டுகூட இல்ல. கெட்ட புகை பட்டா முதல்ல சாகறது அதுதான்."

"அப்போ என் நெல்லு, நைனா?"

"கதிரைப் பிரிச்சுப் பார்த்துட்டேம்மா. பூச்சியும் இல்ல, காளான் நோயும் இல்ல. புகைதான்."

கெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். தணிகாசலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கூட்டத்துல வந்து சொல்லு தம்பி! தொழிலாளியும் வெவசாயியும் ஒரு தாய் புள்ளைங்கடா!"

"கலெக்டர்கிட்டயே சொல்லப்போறேன். புகையை அடக்குற வரைக்கும் கம்பெனியை மூடணும்னு."

"மூடறதா?"

கம்பெனியில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கேட்டில் படுத்து மறியல் செய்து அவர் வேலை வாங்கிக் கொடுத்த ஆட்கள். அதில் அவர் மகனும் ஒருவன்.

தணிகாசலம், கெங்கம்மாளுக்குக் கேட்காத தூரத்துக்குத் துளசிராமனைத் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கை போட்டார்.

"தம்பி... பூச்சின்னே சொல்லிட்டா இன்னா?"

துளசிராமன் வலையைச் சுருட்டினான்.

"மேனேஜரும் இப்படித்தாண்ணே, தோள்ல கை போட்டுக் கேட்டாரு. அன்னைக்கே வேலையை விட்டுட்டேன்."