தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று ஏழு

இதனால் உலகோர் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு ஒரு பாட்டின் வேகம், நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல், நிர்ணயிக்கப்படவிருந்தது.

நிர்ணயிப்பவர் இசையமைப்பாளர் தாள வேந்தர். பட்டம் அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது. கேட்க வந்திருந்தவர் பஸ் கம்பெனி நடத்தும் அம்மா. இப்போது புதிதாகப் படம் எடுக்கிறார். இந்தப் பாட்டு பிடித்தால்தான் மீதி ஐந்து பாட்டும் வேந்தருக்கு. அவர் கைக்கு வேலை வந்து எட்டு மாதமாயிற்று.

வேந்தர் ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் மௌஸைத் தொடமாட்டார். அந்தச் சில்லறை வேலைக்கு மனைவியின் தம்பி இருக்கிறான்.

"மச்சான், வேகம் தொண்ணூத்தாறு வை."

"மாமா, அது வந்து..."

"வைடான்னா வை. நான் யோசிக்கும்போது குறுக்க பேசாத."

மச்சான் எண்ணைத் தட்டினான். பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. வேந்தர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ, நாய் துரத்தின மாதிரி தலைதெறிக்க ஓடுதே! எண்பத்தெட்டு வை."

மறுபடி ஓடியது. "இது வயிறு முட்டத் தின்னவன் நடை. எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். தன் திருவாக்குதான் ஏட்டில் ஏறுகிறது என்று வேந்தருக்கு உச்சி குளிர்ந்தது.

கண்ணை மூடினார். ஒரு விரலை உயர்த்தினார். "தொண்ணூத்தொண்ணு புள்ளி மூணு ஏழு!"

மூன்றாம் முறை ஓடி முடிந்தபோது வேந்தர் கண்ணில் நீர் தளும்பியது.

"இப்பதாம்மா உயிர் வந்திருக்கு. ஏழுக்குப் பதிலா எட்டு வெச்சிருந்தா பாட்டு செத்தே போயிருக்கும்."

அம்மா நோட்டைப் புரட்டினார்.

"எனக்கு சங்கீதம் தெரியாது தம்பி. மூணு தடவையும் நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டுதான் ஆச்சு. வேகமா போனாலும் மெதுவா போனாலும் ஒரே நேரத்துல போய்ச் சேர்ற வண்டிய நான் பாத்ததே இல்லையே?"

வேந்தர் மச்சானைப் பார்த்தார். மச்சான் திரையைப் பார்த்தான்.

"அதைத்தான் மாமா அப்பவே சொல்ல வந்தேன். இது போன வாரமே ரெக்கார்டு பண்ணி முடிச்ச பாட்டு. இங்க நம்பரை மாத்தினா, நம்பர்தான் மாறும்."