ஆர்லனைத் தேடி வந்தவர்

எதிர்க்கட்சியின் கோட்டையான எங்கள் வடக்கு டகோட்டா மாநிலத்தில் துணிந்து தேர்தலில் நின்றவன், பக்கத்து வீட்டு ஆர்லன். அந்தத் தைரியசாலி அன்று காலை திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வெடவெடத்துக்கொண்டிருந்தான். சர்க்கரை கேட்கிற சாக்கில் நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

“அந்த ஆள் ஏர்போர்ட்ல இறங்கிட்டாராம்” என்றாள் அவன் மனைவி மார்லிஸ். முகம் வெளுத்திருந்தது.

“யாருடி? கொலைமிரட்டலா? ஷெரிஃபைக் கூப்பிடவா?”

“ஷெரிஃப் என்ன பண்ணுவாரு?” ஆர்லனின் குரல் உடைந்தது. “பண்ணை பண்ணையா ஏறி இறங்கி ஓட்டு சேர்த்திருக்கேன். என்னைப் பத்தி அவர் டிவியில வாயைத் திறந்தா அத்தனையும் காலி!”

“அப்படி என்னய்யா ரகசியம் தெரியும் அவருக்கு?”

பதில் வருவதற்குள் வாசலில் கறுப்புக் கார் நின்றது.

“நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு!” என்று என்னைக் கும்பிட்டுவிட்டு, சூறாவளிக்குப் பதுங்கும் நிலவறைக்குள் ஆர்லன் ஓடினான்.

கதவைத் திறந்தால், டிவியில் தினமும் பார்க்கிற முகம். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“ஆர்லன் இல்லைங்க. இருந்தாலும் உங்களைப் பார்க்க மாட்டான். உங்க பேரைக் கேட்டாலே அவனுக்குக் குலை நடுங்குது.”

வந்தவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது. மாலையே டிவியில் கத்தினார்: “நன்றி கெட்டவன்! அவனுக்கு யாரும் ஓட்டுப் போடாதீங்க!”

நிலவறையிலிருந்து ஏறி வந்த ஆர்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “என் வயித்துல பாலை வார்த்துட்டே!”

தேர்தலில் ஜெயித்தும் விட்டான். அந்த மனிதர் எதைச் சொன்னாலும் எங்கள் ஊர் அதற்கு நேர்மாறாகத்தான் செய்யும்.

அவர் ஆர்லனின் சொந்தக் கட்சித் தலைவர். அவனுக்கு ஓட்டுக் கேட்கத்தான் வாஷிங்டனிலிருந்து வந்திருந்தார்.