கால் முதலில் பிறந்தவள்

“சொல்லிராத.”

“சொல்லத்தான் போறேன். நான் மிதிச்சதாலதானே இப்படி—”

“மிதிக்கச் சொன்னது யாரு? நான். பொண்டாட்டிகிட்ட மிதி வாங்குனேன்னு அந்த டாக்டரம்மாகிட்ட போயி—”

“மானம் பாக்குற நேரமாங்க இது. இன்னும் அரை மணியில முதுகைத் திறக்கப் போறாங்க.”

அவர் ஆஸ்பத்திரி கவுனில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற கல்யாணச் சமையல்காரர். ஆறு வாரமாகக் கழிப்பறைக்குக்கூட அவள் தோளைப் பிடித்துத்தான் போகிறார். இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை.

அவள் பிறந்தபோது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று தெருவே நம்பியது. முப்பது வருடமாக யார் யாரோ அவள் வீட்டுக் கூடத்தில் வந்து குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

அவரை மட்டும் மிதித்ததில்லை. கட்டியவர் மேல் கால் வைப்பதா.

இடுப்பு வலி பொறுக்காமல் ஒரு நாள் அவர் கெஞ்சினார்.

வைத்தாள். மூன்று மிதி. இறங்கியதும் அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் தெருவில் நடந்தபோது அவருடைய இடது செருப்பு கழன்று விழுந்துவிட்டது. அது தெரியாமலே நடந்தார். இருபதடி தள்ளி யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள்.

டாக்டர் உள்ளே வந்தார். சின்னப் பெண்.

மிதித்ததை அவள் சொல்லிவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது எலும்பு. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இது, ஜவ்வு. ஓரம் கெட்டி, உள்ள கொழகொழன்னு இருக்கும். ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்கிறது பிதுங்கிருச்சு. இங்க பாருங்க, காலுக்குப் போற நரம்பு மேலயே உக்காந்திருக்கு.”

“நான் மிதிச்சதுல கிழிஞ்சதா?”

“இருக்கலாம். அண்டா தூக்குனதுலயும் கிழிஞ்சிருக்கலாம். சில பேருக்குத் தும்முனாக்கூடக் கிழியும். என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இனிமே யாரையும் மிதிக்காதீங்க.”

சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் தோள் லேசாகக் குலுங்கியது.

சிரிப்போ, வேறெதுவோ, தெரியவில்லை.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம்.

டாக்டர் வெளியே வந்து ஒரு சின்ன பாட்டிலை அவள் கையில் கொடுத்தார்.

உள்ளே வெள்ளையாக ஒரு துணுக்கு. ஓட்டிலிருந்து உருவிய நண்டுச் சதை மாதிரி. புளியங்கொட்டை அளவு.

“இதுவா?”

“இதேதான்.”

பாட்டிலைச் சாய்த்தாள். துணுக்கு மெல்ல நகர்ந்தது. கொதிக்கிற சோற்று அண்டாவை ஒற்றை ஆளாய்ச் சாய்த்து வடிக்கிற மனிதரை இது சாய்த்திருக்கிறது.

எத்தனை முதுகுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி அடுக்கடுக்காக மெத்தைகள், நூல் நூலாக நரம்புகள்.

அத்தனைக்கும் மேலே அவள் ஏறி நின்றிருக்கிறாள்.

பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நரம்பு நாடா மாதிரி நசுங்கிக் கெடந்துச்சும்மா,” என்றார் டாக்டர். “இதை எடுத்ததும் மெதுவா உருண்டு வந்துச்சு. அப்புறம் துடிக்க ஆரம்பிச்சுது. எத்தனையோ பாத்தாச்சு. இருந்தாலும் கையை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன்.”

“பாதம் வந்துருமா?”

“அது நரம்போட இஷ்டம். இன்னைக்கே வரலாம். மூணு மாசம் ஆகலாம். வராமலும் போகலாம்.”

வார்டில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மயக்கம் தெளிந்துவிட்டது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வைக்குள் கையை விட்டாள். இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. புறங்காலில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள் தடித்திருந்தன. அவற்றைத் தாண்டிக் கையை விரல்கள் பக்கம் கொண்டுபோனாள்.

அழுத்தவில்லை. இரண்டு விரலால் பூப்போலப் பிடித்தாள்.

“ஏங்க. முழிச்சுத்தானே இருக்கீங்க. ஒரு விரலைப் பிடிச்சிருக்கேன். எந்த விரல்னு பாக்காம சொல்லுங்க.”